தங்கமாக இருந்துவிடக் கூடாது

கல்முனைக்குடி இன்ஸாப் வரம்பு செதுக்கினால் வரம்பில் பாதிதான் மிஞ்சும் என்று காரைதீவு அழகரெத்தினம் சொல்லித் திரிந்தார். அழகரெத்தினம் செதுக்கினால் அந்தப் பாதியும் மிஞ்சாது என்று இன்ஸாப் சொல்லித் திரிந்தான். இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். ஆனால் அதை நேருக்கு நேர் சொல்லிக்கொள்ளும் நிலையில் அவர்கள் இருக்கவில்லை. பேச்சு முறிந்து இரண்டு மூன்று வருடமாகிவிட்டது.

சம்மாந்துறையைத் தாண்டி மேற்கே போனால், மலைகள் நீலப் புகைபோலத் தெரியத் தொடங்குகிற இடத்தில் பாறைமடுக் கண்டம் என்கிற வயல்வெளி இருக்கிறது. அங்கேதான் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வயல். நடுவில் ஒரு வரம்பு. வரம்பு போய் முடிகிற இடத்தில், எருமை படுத்திருப்பது போல ஒரு பாறைத்திட்டு. திட்டை ஒட்டி வடிச்சல் வாய்க்கால். வயலில் மிஞ்சுகிற மழைத்தண்ணீர் அதில் இறங்கித்தான் ஆற்றுக்குப் போகவேண்டும். ஒரு பெரும்போகத்தில் தண்ணீர் இறங்கவில்லை. முளைத்த நெல் முழங்கால் தண்ணீருக்குள் கிடந்து அழுகியது. வரம்பை வெட்டித் தண்ணீரை என் பக்கம் திருப்பிவிட்டாய் என்று ஒருவர் சொல்ல, நீதான் திருப்பினாய் என்று மற்றவர் சொல்ல, அன்றைக்கு நின்றதுதான் பேச்சு.

கச்சான் காற்று ஓய்ந்து மழை இன்னும் பிடிக்காத ஒக்டோபர் மாதம். இன்ஸாப் அன்று வயலுக்குத் தனியாக வந்திருந்தான். உழவுக்கு முன் புல்லைச் செதுக்க வேண்டும், நண்டுப் பொந்துகளை அடைக்க வேண்டும். வரம்பு நெடுகச் செதுக்கிக்கொண்டு போனவன், பாறைத்திட்டின் அடிக்கு வந்ததும் சுற்றும் முற்றும் பார்த்தான். அழகரெத்தினத்தின் வாடிக் குடிசைப் பக்கம் ஆளரவம் இல்லை. மண்வெட்டியை வழக்கத்தைவிட ஒரு பிடி கூடுதலாக உள்ளே இறக்கினான்.

'ணங்' என்றது.

அலவாங்கைப் போட்டு நெம்பினான். தேங்காயளவு வெள்ளைக்கல் ஒன்று மண்ணோடு புரண்டு வந்தது. ஒரு பக்கம் உடைந்திருந்தது. உடைந்த வாய்க்குள் கண்ணாடிக் குச்சிகளை நட்டு வைத்தது போலக் கூர்கூராக எழும்பி நின்றன. துருப்பிடித்த நிறத்தில் ஒரு பிளவு. அந்தப் பிளவுக்குள் மஞ்சளாக என்னவோ வெயிலில் மினுங்கியது. இன்ஸாப் தலைத்துண்டால் கல்லை மூடினான். மறுபடி கொஞ்சம் திறந்து பார்த்தான். அப்போதும் மினுங்கியது. மிச்ச வரம்பை அப்படியே விட்டுவிட்டு, கல்லை உரப்பையில் போட்டு மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு புறப்பட்டான்.

வீட்டில் அவன் பெண்சாதி முஸ்பிறா முற்றத்துக் குழாயடியில் குந்தியிருந்து கீரிமீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாசக்கதவச் சாத்து புள்ள" என்றான் இன்ஸாப்.

"பட்டப்பகல்ல கதவு என்னத்துக்கு? பாம்பு கீம்பு புடிச்சிட்டு வந்தீங்களா?"

அவன் உரப்பையைக் கவிழ்த்தான். முஸ்பிறா மீன் கையோடு எட்டிப் பார்த்தாள்.

"கல்லு."

"கல்லுத்தான். உள்ளுக்க பாரு."

"நான் சீனி வாங்கிட்டு வரச் சொன்னன். நீங்க கல்லுக் கொண்டு வந்திரிக்கீங்க. மீன் ஆணத்துக்குள்ள போடவா?"

ஆனாலும் அவள்தான் கல்லை பேசனில் போட்டு, பழைய பற்தூரிகையால் தேய்த்துக் கழுவினாள். மண் கரையக் கரைய உள்ளே இருந்த கூர்கள் பனிக்கட்டி போலத் தெளிந்தன. ஒவ்வொன்றும் பென்சில் சீவினாற்போல ஆறு பக்கமாக நின்றது. முஸ்பிறா கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்:

"றிபா! இஞ்ச ஓடியா மகள்!"

றிபா அவர்களின் ஒரே மகள். கெம்பஸில் இரசாயனவியல் படிக்கிறாள். லீவுக்கு வந்திருந்தாள். கல்லைக் கையில் எடுத்து வெயிலுக்குப் பிடித்தாள். வெறும் ஜாம் போத்தல் ஒன்றை எடுத்துவந்து கல்லின் கூரால் கீறினாள். போத்தலில் வெள்ளைக் கோடு விழுந்தது.

"கண்ணாடியக் கீறுது. ஆறு பட்டையா இரிக்கி. இது குவாட்ஸ் வாப்பா. தமிழில படிகம்."

"வைரம் இல்லயா?"

"வைரமெண்டா இதுகள் எல்லாத்தயும் கீறும். அந்த ஆசைய விடுங்க. படிகம் உலகத்தில எல்லா எடத்திலயும் கிடக்கு. நம்மட கடக்கரை மணல்லயும் நிறைய இதுதான்."

"சரி, அந்த மஞ்சள்?"

றிபா ஊசியால் பிளவைக் குத்தினாள். சில மினுக்கங்கள் மெல்லிய செதிளாகக் கழன்று ஊசி முனையில் ஒட்டின. "இது மைக்கா. செதிள் செதிளா வருது. தங்கம் இப்படிக் கழலாது." இன்னும் ஆழமாகக் குத்தினாள். அங்கே இருந்தது கழலவில்லை. அவள் புருவத்தைச் சுருக்கினாள். "இது வேற என்னவோ. பைரைட்டா இரிக்கலாம். பாக்கத் தங்கம் மாதிரியே இரிக்கும், அது இரும்பும் கந்தகமும். பைரைட்டுத்தான் கூட வாய்ப்பு. மறுகா..."

"மறுகா?"

"தங்கமாவும் இரிக்கலாம்."

முன்னால் சொன்னது எதுவும் இன்ஸாபின் காதில் ஏறவில்லை. கடைசிச் சொல் மட்டும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"எப்படிக் கண்டு புடிக்கிற?"

"லேசு. தரைக்குப் பதிக்கிற ஓடு இரிக்கில்ல, அதுட பின்பக்கத்தில உரசிப் பாக்கணும். தங்கமெண்டா மஞ்சள் கோடு விழும். பைரைட்டெண்டா கறுப்பு விழும். மறுகா சுத்தியலால அடிக்கணும். பைரைட்டு நொறுங்கும். தங்கம் நொறுங்காது, தட்டையாப் போகும். ஆனா அது உள்ளுக்க இரிக்கி வாப்பா. கல்ல உடைச்சாத்தான் எடுக்கலாம்."

"உடைக்கவா?" இன்ஸாப் கல்லை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "உடைச்சாச் சிந்திரும். அவசரப்படாத. இதப் பக்குவமாச் செய்யணும்."

பக்குவம் என்று அவன் சொன்னது, கல்லைத் துவாயில் சுற்றி அல்மாரிக்குள் முஸ்பிறாவின் சாரிகளுக்கு நடுவே வைத்துப் பூட்டியதைத்தான். அது தங்கம் இல்லை என்று யாரும் சொல்லிவிடாமல் இருக்கிற வரைக்கும் அது தங்கமாகவே இருக்கும் என்பது அவனுடைய மனக்கணக்கு.

ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டு, ஒருவருக்கு மட்டும் சொன்னான். அது முஸ்பிறாவின் காக்கா, அவளுடைய அண்ணன் றஊப். பாறைமடுக் கண்டத்தின் வட்டவிதானை. யாருக்கு எப்போது தண்ணீர், எந்த வாய்க்கால் எப்போது துப்புரவு என்று பார்க்கிற வேலை அவருக்கு. றஊப் நல்ல மனிதர். ஆனால் அவருடைய வாய்க்கு மதகு கிடையாது. அடுத்த நாள் காலை, பாட்டுப் போட்டபடி பாண் விற்கிற ஓட்டோ வாசலில் வந்து நின்றது. "முஸ்பிறா ராத்தா, உங்கட வயலில தங்கம் எடுத்தீங்களாமே?" என்றான் பாண்காரன்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மருதமுனையிலிருந்து பெரியம்மாவின் மகள் வாழைப்பழச் சீப்போடு வந்தாள். பெருநாளைக்குக்கூட எட்டிப் பாராத ஒரு மச்சான் வந்து, "சும்மா இந்தப் பக்கம் வந்தன்" என்று சொல்லி அசர் தொழுகை வரைக்கும் இருந்தார். எல்லாருக்கும் கல்லைப் பார்க்க வேண்டும். இன்ஸாப் பூட்டைத் திறந்து, துவாயை விரித்து, தொடவிடாமல் காட்டுவான். முஸ்பிறா அடுப்படியில் நின்று பால் விடாத பிளேன்டி ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"தங்கம் வந்திச்சோ இல்லயோ, வீட்டில இரிந்த சீனி போயிட்டு" என்றாள் மகளிடம்.

அது பகிடிதான். பகிடி இல்லாதது ஒன்றும் இருந்தது. உழவு மெசின்காரன் போன் எடுத்து, "காக்கா, நாளைக்கு உங்கட வயலுக்கு இறங்கவா?" என்று கேட்டபோது இன்ஸாப், "கொஞ்சம் பொறு தம்பி. இந்த முறை விதைக்கிறதா இல்லயா எண்டு யோசிக்கன்" என்று சொன்னான். முஸ்பிறா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"என்ன கதைக்கிறீங்க? விதைக்காம?"

"தங்கம் கிடக்கிற பூமில எவனாச்சும் நெல்லு விதைப்பானா புள்ள?"

"கிடக்கெண்டு ஆரு சொன்ன?"

"கிடக்காதெண்டு ஆரு சொன்ன?"

விதை நெல் மூட்டைகள் அறையின் மூலையில் அடுக்கியபடி இருந்தன. வருடம் முழுக்க வீட்டுச் சோறு அந்த வயலிலிருந்துதான். வானத்தில் மாலை மாலைக்கு மேகம் கட்டிக் கலைந்தது. மழை விழுந்து வயல் நிறைந்துவிட்டால் உழவு பிந்தும், உழவு பிந்தினால் போகமே பிசகும்.

அடுத்த நாள் இன்ஸாப் இன்னும் கல் எடுக்க வயலுக்குப் போனான். பாறைத்திட்டின் மறுபக்கத்தில் அழகரெத்தினம் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அலவாங்கால் குத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு ஓலைக் கடகம். கடகத்தில் வெள்ளைக்கல்.

இன்ஸாப் திட்டில் ஏறி நின்றான். யாரைப் பார்த்துக் கதைப்பது என்று தெரியாமல் மலையைப் பார்த்துச் சொன்னான்:

"சில பேருக்கு மத்தாக்கள்ர வரம்பக் கிண்டாட்டித் தூக்கம் வாறல்ல."

அழகரெத்தினம் நிமிரவில்லை. கடகத்தைப் பார்த்துச் சொன்னார்: "சில பேர் கிண்டின கிடங்க மூடாமப் போறாங்க. மூடாமப் போனா நாலு பேர் பாக்கத்தான் செய்வாங்க."

"அது என்ட வரம்பு!"

"உன்ட வரம்பா?" இப்போது அவர் நிமிர்ந்தார். இத்தனை காலத்தில் முதன்முறையாக இருவரும் முகத்தோடு முகம் பார்த்தார்கள். "தம்பி இன்ஸாப், முந்தி இதில ரெண்டு மாடு பக்கத்தில பக்கத்தில நடந்து போகும். இப்ப கொக்கு நிண்டா வழுக்கி விழுது. ஆர் செதுக்கின?"

"நீங்கதான் அண்ணன்! உங்கட பக்கம் பாருங்க, சுவர் மாதிரி வெட்டிரிக்கி."

"உன்ட பக்கம் மட்டும் என்ன, தாய்ப்பால் குடிச்ச பிள்ளைர கன்னம் மாதிரியோ கிடக்கு?"

இப்படி வெயில் உச்சிக்கு வரும்வரைக்கும் போனது. தண்ணீர் தேங்கிய வருடத்துக்குப் போய், அதற்கு முந்திய வருடத்துக்குப் போய், இன்ஸாபின் வாப்பாவும் அழகரெத்தினத்தின் அப்பாவும் ஒரே சோடி மாட்டில் உழுத காலத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. நடுவில் இருவருக்கும் தொண்டை வறண்டது. அழகரெத்தினம் தன் போத்தல் தண்ணீரைக் குடித்துவிட்டு, யோசித்து, மூடியைத் திறந்தபடியே பாறையில் வைத்தார். இன்ஸாப் எடுத்துக் குடித்தான். குடித்துவிட்டு மறுபடி சண்டையைத் தொடர்ந்தான்.

கடைசியில் அளந்து பார்ப்பதென்று முடிவானது. இன்ஸாப் றஊபுக்குப் போன் எடுத்தான். றஊப் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். இருவரும் ஒரே நேரத்தில் முறைப்பாடு சொன்னார்கள். அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு பாறையில் உட்கார்ந்து கேட்டார்.

"சரி. அளப்பம். ஆனா வட்டவிதானை அளந்தா நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்க மாட்டீங்க. காணி அளக்கிற சேவையரக் கூட்டி வரணும். அவர் பிளானக் கொண்டு வருவார். தங்கம் எண்டபடியால அவர் தனியா வர மாட்டார். பிரதேச செயலகத்தில இரிந்து நேத்தே எனக்குப் போன் வந்திட்டு. எவனோ பேஸ்புக்கில போட்டிரிக்கான். 'விதானையார், உண்மையா?' எண்டு கேக்காங்க. விசாரிச்சிட்டுச் சொல்றன் எண்டு சொல்லி வெச்சிரிக்கன்."

"வரட்டும்" என்றான் இன்ஸாப்.

"வரட்டும்" என்றார் அழகரெத்தினமும்.

"வருவாங்க. பூமிக்குக் கீழ கிடக்கிறதெல்லாம் கவண்மேந்துக்குத்தான் சொந்தம், அது தெரியுந்தானே? முதல்ல கம்பிவேலி வரும். மறுகா பொலிசு நிக்கும். நீங்க ரெண்டு பேரும் உங்கட வயலுக்கு இறங்க அனுமதி கேட்டுட்டு நிக்கணும். இந்தப் பெரும்போகத்த மறக்க வேண்டியதான். அடுத்தது ஆருக்குத் தெரியும்?"

அழகரெத்தினம் அலவாங்கைக் கீழே வைத்தார்.

"அது போகட்டும்" என்று றஊப் எழுந்து வாய்க்கால் கரைக்கு நடந்தார். "இந்த வடிச்சல் முந்தி எவ்வளவு அகலம் அழகரெத்தினண்ணே?"

"அது... நல்ல அகலம்தான்."

"சின்ன வயசில நாங்க இதுக்க நீந்தின. இப்ப?" அவர் சாரத்தை மடித்துக் கட்டி ஒரு எட்டு வைத்தார். அக்கரையில் நின்றார். "நான் ஐம்பது தாண்டின ஆள். ஒரே எட்டில தாண்டிட்டன். வரம்ப நீங்க ரெண்டு பேரும் ஆள்மாறி ஆள் செதுக்கின சரி. வாய்க்கால ஆர் மண் போட்டுத் தூத்த?"

காற்றில்லை. தூரத்தில் யாரோ மாட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது.

"என்ட பக்கம் வாய்க்காலுக்க மண் போட்டு ரெண்டு பாத்திதான் கூட்டின" என்றான் இன்ஸாப் மெதுவாக.

"நானும் அப்படித்தான், கொஞ்சம்" என்றார் அழகரெத்தினம்.

"கொஞ்சமும் கொஞ்சமும் சேந்து ஒரு வாய்க்கால முழுங்கிட்டு. தண்ணி எங்கால போற? அந்த வருசம் நெல்லு அழுகினது வரம்பாலயா? நான் எத்தின கூட்டத்தில சொன்னன்! ஒருத்தரும் கேக்கல்ல. சேவையர் வந்து பிளான விரிச்சா இந்தப் பாறைத்திட்டுக்கூட வாய்க்காலுக்கு ஒதுக்கின கவண்மேந்துக் காணிக்குள்ளதான் வரும். உன்ட வரம்புமில்ல, உங்கட வரம்புமில்ல. அத்துமீறின எண்டு ரெண்டு பேருக்கும் வழக்கும் வரும். நான் அளக்கச் சொல்லவா?"

இன்ஸாப் அழகரெத்தினத்தைப் பார்த்தான். அழகரெத்தினம் கடகத்துக் கல்லைப் பார்த்தார்.

"விதானையார்" என்றார் அவர். "இது தங்கமில்லாட்டி?"

"இல்லாட்டி ஒருத்தரும் வர மாட்டாங்க. நான் போன் எடுத்து, சும்மா கல்லு எண்டு சொல்லுவன். ஆனா உண்மையா இல்லாம இரிக்கணும். நான் பொய் சொல்ல மாட்டன்."

"எங்கட மகள் கண்டுபுடிப்பாள்" என்றான் இன்ஸாப் அவசரமாக. "உடைச்சாச் சரியாம்."

மூன்று மோட்டார் சைக்கிள்களும் மாவடிப்பள்ளிப் பாலத்தைக் கடந்து, காரைதீவுச் சந்தியால் திரும்பி, கல்முனைக்குடிக்கு வந்து சேர்ந்தன. அழகரெத்தினத்தைப் படலை வாசலில் கண்டதும் முஸ்பிறா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள்.

"வாங்கண்ணன். அக்கா இப்பதான் கோல் எடுத்தா. நீங்களும் கல்லோட வாறீங்களாம்."

"எந்த அக்கா?" என்றான் இன்ஸாப்.

"சிவக்கொழுந்தக்காதான்."

"நீ அவவோட கதைக்கிறயா?"

"சண்டை புடிச்சது நீங்க ரெண்டு பேரும். எங்களுக்கு என்ன?" என்று சொல்லிவிட்டு அவள் பிளேன்டி போடப் போனாள். அழகரெத்தினம் மூக்கைச் சொறிந்தார். தன் பெண்சாதி தினமும் யாரோடு அவ்வளவு நேரம் போனில் சிரிக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

அல்மாரி திறந்தது. முற்றத்துச் சீமெந்தில் சாக்கை விரித்து அதன்மேல் கல்லை வைத்தார்கள். கிணற்றடியில் கிடந்த உடைந்த தரை ஓட்டை றிபா கழுவி, பின்பக்கம் மேலே தெரியத் திருப்பி வைத்தாள்.

"உடைக்கவா வாப்பா? நல்லா யோசிச்சீங்களா?"

"உடை மகள். நல்லா உடை."

"சிந்திரும் எண்டீங்க?"

"சிந்தட்டும்!"

றிபாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தாயைப் பார்த்தாள். முஸ்பிறாவுக்கும் புரியவில்லை. ஆனால் இரண்டு நாளாகக் கல்லுக்குக் காவல் இருந்த மனிதன் இப்படிச் சொல்வதே அவளுக்குப் போதுமாக இருந்தது. "உடை" என்றாள் அவளும்.

சுத்தியல் விழுந்தது. படிகக் கூர்கள் தெறித்தன. பிளவு வாய்பிளந்து, உள்ளே கடுகும் மிளகுமாக மஞ்சள் மணிகள் தெரிந்தன. வெயிலில் அவை அழகாகத்தான் இருந்தன. றிபா ஒரு மணியைக் குறட்டால் பிடித்து ஓட்டில் அழுத்தினாள்.

"யா அல்லாஹ், கறுப்பு விழோணும்" என்று இன்ஸாப் வாய்க்குள் முணுமுணுத்தான்.

"பிள்ளையாரே" என்றார் அழகரெத்தினம்.

றிபா இழுத்தாள். கரிக்கோடு போல ஒரு கறுப்புக்கோடு விழுந்தது.

"கறுப்பு!" என்று இன்ஸாப் கத்தினான். "கறுப்பு அண்ணன், கறுப்பு!"

"இன்னொண்டு உரசு பிள்ள" என்றார் அழகரெத்தினம். அதுவும் கறுப்பு. அவருடைய கல்லை உடைத்து உரசினாள். அதுவும் கறுப்பு. மணி ஒன்றைச் சீமெந்தில் வைத்து அடித்தாள். பொலபொலவென்று நொறுங்கித் தூளானது. கந்தக நெடி லேசாக எழுந்தது. அழகரெத்தினம் இன்ஸாபின் தோளைப் பிடித்து உலுக்கினார். இன்ஸாப் அவரைக் கட்டிப்பிடித்தே விட்டான். பக்கத்து வீட்டுக்காரர்கள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன, தங்கந்தானாமா?" என்று கேட்டார்கள்.

"இல்லயாம்! அல்ஹம்துலில்லாஹ்! இல்லயாம்!" என்றான் இன்ஸாப்.

அவர்களுக்கு அது எப்படி விளங்கியதோ தெரியாது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

றஊப் மட்டும் சிரிக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இப்ப நான் அவங்களுக்குச் சொல்றன், பைரைட்டு எண்டு. அது உண்மை. ஆனா அந்த வாய்க்காலும் உண்மை. மழை வருது. என்ன செய்யப் போறீங்க?"

இன்ஸாப் மனதுக்குள் கணக்குப் பார்த்தான். அந்த இரண்டு பாத்தியிலும் நல்ல விளைச்சல் வரும். முஸ்பிறா பிளேன்டித் தட்டோடு வந்து நின்றாள். விஷயம் அவளுக்கு இப்போது பிடிபட்டுவிட்டது.

"காக்கா, சனிக்கிழமை வாய்க்கால வெட்டுவாங்க" என்றாள். "வெள்ளிக்கிழமை ஜும்ஆ இரிக்கி. அழகரெத்தினண்ணன் வெள்ளிக்கு மீன் தின்ன மாட்டார். சனிக்கிழமை சோறு நான் கொண்டு வாறன். ரெண்டு பாத்திக்காக வயல் முழுக்க அழுகினதப் பாத்தாச்சி. போதும்."

அழகரெத்தினம் கோப்பையை எடுத்தார். "தங்கச்சி சொல்றது சரி" என்றார்.

சனிக்கிழமை காலை இரண்டு குடும்பங்களும் பாறைமடுக் கண்டத்தில் இறங்கின. கூலிக்கு வந்தவர்கள் ஒரு பக்கம் வெட்ட, இன்ஸாபும் அழகரெத்தினமும் எதிரெதிர்க் கரையில் நின்று தாங்கள் ஏற்றிய மண்ணைத் தாங்களே இறக்கினார்கள். றஊப் கயிறு பிடித்து, ஆப்பு அடித்து, "இன்னும் கொஞ்சம் அங்கால" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இன்ஸாப் ஒரு முழம் கூட்டி வெட்டினால் அழகரெத்தினம் அதைப் பார்த்துவிட்டு இன்னொரு முழம் கூட்டி வெட்டினார். முன்பு எடுப்பதில் இருந்த போட்டி இப்போது கொடுப்பதில் வந்துவிட்டது. றஊப் ஓடிவந்து, "போதும், போதும்! ஆறு வெட்டவா வந்தீங்க?" என்று மறித்தார். எருமைகள் இரண்டு கரையில் நின்று அசைபோட்டபடி இவர்களைப் பார்த்தன. மேற்கில் மலையைக் காணவில்லை, மேகம் இறங்கியிருந்தது.

வாடியில் முஸ்பிறாவும் சிவக்கொழுந்தும் அடுப்பு மூட்டினார்கள். முஸ்பிறா வீட்டிலிருந்து தேங்காய்ப்பால் சோறும் இறால் பொரியலும் கொண்டுவந்திருந்தாள். சிவக்கொழுந்து வாடிக்குப் பின்னால் முருங்கையிலை ஒடித்துச் சுண்டினாள். விரால்மீன் ஆணம் அங்கேயே கொதித்தது. சம்மாந்துறையில் வாங்கிய எருமைத் தயிர் ஒரு சட்டி.

"இவர் அண்டைக்கு ரா முழுக்க நித்திரையில தங்கம் தங்கம் எண்டு பிசத்தினார்" என்றாள் சிவக்கொழுந்து. "என்ட கைக்கு வளவி செய்யப் போறார் எண்டு நினைச்சன். பாத்தா டிரக்டர் வாங்கவாம்."

"இவர் விதைக்கிறதயே நிப்பாட்டப் பாத்தார் அக்கா. தங்கத்தையா அவிச்சித் தின்னுற?"

றிபா வாடி நிழலில் இருந்தாள். வெட்டும்போது வந்த வெள்ளைக்கற்களைக் கூலியாட்கள் அவளுக்கென்று குவித்திருந்தார்கள். நல்ல படிகக் கூர்களைக் கெம்பஸ் சிநேகிதிகளுக்கென்று பொறுக்கி வைத்துக்கொண்டு, மிச்சத்தை உடைத்து உடைத்துப் பார்த்தாள். எல்லாம் பைரைட். அடித்தால் நொறுங்கியது. பாறைத்திட்டின் அடியிலிருந்து வந்த கடைசிக் கல்லில் மஞ்சள் மணி ஒன்று கொஞ்சம் வேறு நிறத்தில், வெண்ணெய் போல மங்கலாக இருந்தது. அதைத் தட்டையான கல்லில் வைத்து அடித்தாள்.

அது நொறுங்கவில்லை.

மறுபடி அடித்தாள். விரிந்து, தட்டையாகி, அப்படியே ஒட்டிக்கொண்டு கிடந்தது. அரிசிக் குறுணையில் பாதிகூட இல்லை. நகத்தால் கிளப்பி விரல் நுனியில் எடுத்தாள்.

"உம்மா, இஞ்ச வாங்க. இது உடையல்ல."

முஸ்பிறா அகப்பையோடு வந்து குனிந்தாள். "நல்லாப் பாத்தயா?"

"ரெண்டுதரம் அடிச்சன். தட்டையாப் போகுது."

முஸ்பிறா வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இடுப்புவரை சேற்றோடு இரண்டு பேரும் கரையில் நின்று எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெட்டிய வாய்க்கால் அகலமாக, பச்சை மண் வாசத்தோடு கிடந்தது.

"இப்ப ஒண்டும் சொல்லாத."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"சீச்சீ. ஆரும் கேக்கல்லயே. கேட்டாச் சொல்லு. கேக்கிறதுக்கு முதல் சோத்தப் போடுவம்."

பாயை விரித்து, பெரிய சஹன் தட்டில் சோற்றைக் குவித்து வைத்தாள். இன்ஸாப், அழகரெத்தினம், றஊப் மூவரும் கைகால் கழுவிவந்து ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இறாலை இன்ஸாப் அழகரெத்தினத்தின் பக்கம் தள்ளினான். அவர் விரால் தலையை இவன் பக்கம் தள்ளினார். வேலை செய்த பசியில் சோறு மளமளவென்று குறைந்தது. தயிர் வந்த பிறகுதான் அழகரெத்தினம் நிமிர்ந்தார்.

"என்ன பிள்ள, கல்லெல்லாம் உடைச்சுப் பாத்தயா? எல்லாம் நொறுங்கினதா?"

றிபா தாயைப் பார்த்தாள். முஸ்பிறா தயிர்ச்சட்டியைக் கீழே வைத்தாள்.

"எல்லாம் நொறுங்கிட்டு அங்கிள்" என்றாள் றிபா. விரலை நீட்டினாள். "ஒண்டு மட்டும் நொறுங்கல்ல."

சஹனில் மூன்று கைகளும் நின்றன. இன்ஸாப் அழகரெத்தினத்தைப் பார்த்தான். அழகரெத்தினம் வாய்க்காலைப் பார்த்தார். பிறகு நிதானமாகத் தயிரைச் சோற்றில் பிசைந்தார்.

"பிள்ள, எனக்கு இந்தப் பக்கத்துக் காது கொஞ்சம் மந்தம். மழை இருட்டினா இப்படித்தான்."

"எனக்கு ரெண்டு காதும்" என்றான் இன்ஸாப்.

றஊப் மடமடவென்று கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "லுஹருக்கு நேரமாச்சி."

"லுஹர் தொழுதுட்டுத்தானே காக்கா சாப்பிட இரிந்தீங்க?" என்றாள் முஸ்பிறா.

"அப்ப அசருக்கு" என்று சொல்லி அவர் திரும்பிப் பாராமல் நடந்தார். சிவக்கொழுந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். அந்தச் சிரிப்பு முஸ்பிறாவுக்கும் தொற்றியது.

முதல் துளிகள் வாடிக்கூரையில் விழுந்தன. மழைக்குள் அகப்படுவதற்கு முன் கடைசித் துண்டையும் வெட்டிவிட வேண்டும் என்று இருவரும் மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். அளவு பார்க்க றஊப் இல்லை.

"பிள்ள றிபா, ஓடியா!" என்று அழகரெத்தினம் கூப்பிட்டார். "இந்தக் கயித்த இறுக்கிப் புடி. உன்ட வாப்பா இன்னும் ஒரு முழம் வெட்டப் பாக்கிறான்."

றிபா விரலைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்க் கயிற்றின் நுனியைப் பிடித்தாள்.